கூட்டுக்குள் போன போலித்தேள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்திரண்டு. நரைத்த தலையும் மூட்டுவலியும் சீடருக்குத்தான். இப்படித் தலைகீழாக ஒரு குருகுலம் கீழ்ப்பழனி மலையில், முன்பு காப்பி மூட்டை அடுக்கிய பழைய கிட்டங்கி ஒன்றை ஆய்வகமாக்கி, அதில் நடந்துகொண்டிருந்தது.

குருவின் பெயர் மெஹருன்னிசா. போலித்தேள்களை ஆராய்பவர். எள்ளளவே இருக்கும் உயிர் அது. முன்னால் தேளுக்கு இருப்பதுபோல இரண்டு இடுக்கிக் கைகள். பின்னால் வாலும் கிடையாது, கொடுக்கும் கிடையாது, யாரையும் கொட்டாது. மரப்பட்டைக்கு அடியிலும் சருகுக்குள்ளும் அது பாட்டுக்கு இருக்கும். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்க்காமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அதனால் அவர்களுக்கும் நட்டமில்லை, அதற்கும் நட்டமில்லை. மெஹருன்னிசாவுக்கு மட்டும் ஒரு நாள் அதைப் பார்க்காவிட்டால் சோறு இறங்காது.

சீடரின் பெயர் சிவனாண்டி. பெரியகுளத்துக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஹருன்னிசாவுக்கு ஏழாம் வகுப்பில் பாடம் எடுத்தவரே அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளாமல், பழைய மாணவியைத் தேடி மலையேறி வந்து, எனக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று நின்றார்.

"மேடம்னு கூப்பிடாதீங்க சார். கூச்சமா இருக்கு."

"இங்க நீங்கதான் பெரியவங்க. மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்ப நானும் சார்னுதான் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டுக்கங்க, மேடம்."

இந்த விஷயத்தில் இரண்டு பேருமே விட்டுக் கொடுக்கவில்லை.

அதே ஏழாம் வகுப்பில், அதே பெஞ்சில், மெஹருன்னிசாவுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தாள். அங்கயற்கண்ணி. சிவனாண்டியின் ஒரே மகள். எல்லோருக்கும் அங்கை. அந்த வருட மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து அவள் இறந்துபோனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு குழந்தை பிறக்கவில்லை. குருவும் சீடரும் தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே விளக்கில் வேலை பார்த்தார்கள். அங்கையைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டதில்லை.

வந்த முதல் நாளே சிவனாண்டி கேட்டார்.

"ஒரு உயிருக்குப் பேரு வைக்கிறதுன்னா என்ன மேடம்?"

மெஹருன்னிசா ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் உயிருள்ள போலித்தேள் ஒன்றை விட்டு, சாயங்காலம் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். சாயங்காலம் வந்து, அதே மாதிரி இன்னும் நாலைந்தை அந்தக் கிண்ணத்தில் விட்டார்.

"நீங்க பாத்தது எது சார்?"

சிவனாண்டி குனிந்து குனிந்து பார்த்தார். எல்லாம் ஒன்றுபோலவே ஓடின.

"தெரியலையே."

"தெரியற அன்னைக்குப் பேரைப் பத்திப் பேசுவோம்."

அந்த ஆய்வகத்தில் இதுதான் வழக்கம். கேட்ட கேள்விக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் வராது. ஏதாவது ஒரு வேலை வரும். வேலையை முடிக்கும்போது கேட்டவருக்கே பதில் தெரிந்திருக்கும். படிக்க வந்த பிள்ளைகள் பலர் இது நமக்கு ஒத்துவராது என்று கீழே இறங்கிப் போய்விட்டார்கள். சிவனாண்டி தங்கிவிட்டார்.

முதலில் கற்றுக்கொண்டது காப்பிக்காரனை. மலையில் எந்த நிழல்மரத்துப் பட்டையைப் பெயர்த்தாலும் நாலைந்து ஓடும். அதற்கு லத்தீனில் நீளமாக ஒரு பெயர் உண்டு. காப்பித் தோட்டமெல்லாம் அதுவே இருப்பதால் ஆய்வகத்தில் அதற்குக் காப்பிக்காரன் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

பிறகு முடி எண்ணக் கற்றுக்கொண்டார். போலித்தேளின் இடுக்கிக் கைகளில் மெல்லிய நீள முடிகள் சில இருக்கும். காற்று அசைவதைக்கூட அவற்றால்தான் அது தெரிந்துகொள்கிறது. எந்த முடி எந்த இடத்தில், எத்தனை என்று பார்த்துத்தான் இது இன்னது, அது வேறு என்று பிரிப்பார்கள். காப்பிக்காரனுக்கு ஒரு கையில் பன்னிரண்டு. அநேகமாக மற்றவற்றுக்கும் அவ்வளவே. சிலவற்றுக்கு மட்டும் குறையும். சிவனாண்டிக்குக் கண் நன்றாகப் பழகியது. முப்பது வருடம் விடைத்தாள் திருத்திய கண் அல்லவா, ஒரு முடி ஏமாற்ற முடியாது என்று தனக்குத்தானே பெருமைப்பட்டுக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாவல் மரம் கிடைத்தது.

தோட்டத்து எல்லைக்கு வெளியே, ஓடைக்கரையில் பட்டை வெடித்து நின்ற கிழட்டு மரம். அதன் பட்டைக்கு அடியில் இருந்து ஒன்றை எடுத்து, ஸ்பிரிட்டில் போட்டு, கண்ணாடித் தட்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். வெளிறிய நிறம். கையில் பத்து முடி.

மறுபடியும் எண்ணினார். பத்து. இன்னொரு கையை எண்ணினார். பத்து.

புத்தகங்களைப் புரட்டினார். பத்து முடியுள்ளவை என்று எழுதியிருந்த எதனுடனும் இது பொருந்தவில்லை. அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் போய்ப் படுத்துவிட்டார். படுத்தாரே தவிர எங்கே தூங்கினார்.

அவர் மனதில் பல நாளாக ஓர் ஆசை இருந்தது. அங்கையைத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவருடைய அம்மா போய்விட்டார், மாமனார் போய்விட்டார். அவளைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊரை விட்டே போனார்கள். அவரும் அவர் மனைவி பஞ்சவர்ணமும் போய்விட்டால் அந்தப் பெயரைச் சொல்ல ஆளில்லை. ஒரு புது உயிரினத்துக்கு அவள் பெயரை வைத்துவிட்டால், உலகத்தில் யார் எந்த மூலையில் அதைப் பற்றி எழுதினாலும் அவள் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும்.

அவர் மலையேறி வந்ததே இதற்காகத்தான். அதை வெளியே சொன்னதில்லை.

அந்த மழைக்காலம் முழுக்க வரைந்தார், அளந்தார், எழுதினார். முடித்த அன்றைக்கு ஊரில் இருந்த பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டார்.

"கிடைச்சிருச்சு."

"என்னது கிடைச்சிருச்சு?"

"அங்கை பேரு வைக்கிறதுக்கு ஒண்ணு."

"பூச்சிக்காங்க வைக்கப் போறீக?"

"பூச்சின்னு சொல்லாத. அது தனி வகை."

"கொட்டுமா?"

"கொட்டாது."

"நாம போனதுக்கப்புறமும் அந்தப் பேரு இருக்குமா?"

"இருக்கும்."

"அப்பச் சரி. வைங்க."

மறுநாள் காலைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. பஞ்சவர்ணத்துக்கு அதில் ஒளிவுமறைவெல்லாம் கிடையாது.

சிவனாண்டி கண்ணாடித் தட்டை எடுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"மேடம், ஒரு விஷயம்."

"சொல்லுங்க சார்."

"இது புதுசுன்னு நெனைக்கிறேன்."

மெஹருன்னிசா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். தட்டை அங்கும் இங்கும் நகர்த்தினார். நகர்த்துவதை நிறுத்தினார்.

"பத்து முடி இருக்கு பாத்தீங்களா? எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

"பாத்தேன் சார். அடிவயித்துப் பக்கம் பாத்தீங்களா?"

"அது கண்ணாடிக்கு அடியில நசுங்கிப் போச்சு மேடம். சரியாத் தெரியல. என் கைதான் கொஞ்சம் அழுத்திருச்சு."

"ம்."

மெஹருன்னிசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சிவனாண்டி முந்திக்கொண்டார்.

"பேருகூட முடிவு பண்ணிட்டேன். அங்கை பேரு."

மெஹருன்னிசா நுண்ணோக்கியில் இருந்து தலையை எடுக்கவில்லை. சொல்ல வந்ததும் வரவில்லை.

"இது புதுசுதானே மேடம்?"

"அந்த மரத்துக்கே போயி உயிரோட ஒண்ணு கொண்டு வாங்க சார். வச்சு வளப்போம்."

"ஒண்ணைத்தான் பாத்துட்டோமே."

"ஸ்பிரிட்டுல கெடக்குறதைப் பாத்தோம். உயிரோட இருக்குறதையும் பாப்போம்."

சிவனாண்டிக்கு வருத்தம்தான். ஆனாலும் வழக்கம் தெரிந்தவர். அடுத்த நாளே ஓடைக்கரைக்குப் போனார். மரத்தை நோகடிக்காமல் பட்டையைக் கொஞ்சமாகத் தூக்கி, முன்னே எடுத்தது மாதிரியே வெளிறி இருந்த ஒன்றைத் தூரிகை நுனியில் ஏற்றிக்கொண்டு வந்தார். இந்தத் தடவை ஸ்பிரிட் குப்பியைக் கையில்கூட எடுக்கவில்லை.

சின்னக் கண்ணாடிக் கிண்ணம். அடியில் சுண்ணாம்புக் காரை மாதிரி ஒன்றை ஊற்றி இறுக வைத்து, அதை ஈரமாக வைத்திருக்க வேண்டும். காய்ந்தாலும் செத்துப்போகும், தண்ணீர் கூடினாலும் செத்துப்போகும். தின்பதற்குச் சருகில் துள்ளித் திரியும் குட்டிப் பூச்சிகளைப் பிடித்துப் போட வேண்டும்.

வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீரைத் தானாக எழுந்து எடுத்துக் குடிக்காத மனிதர், இங்கே காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கிண்ணத்துக்குச் சொட்டுத் தண்ணீர் விட்டார். மூட்டுவலியை மறந்து சருகுக்குள் மண்டியிட்டுப் பூச்சி பிடித்தார். குளிர் கூடிய நாளில் தன் மப்ளரைக் கழற்றிக் கிண்ணத்தைச் சுற்றி வைத்தார். மெஹருன்னிசா பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தார்.

அதுவும் நன்றாகச் சாப்பிட்டது. இரையை இடுக்கியால் பிடித்து, ஒரு மூலைக்குக் கொண்டுபோய் நிதானமாகத் தின்னும். தின்று முடித்ததும் இரண்டு கைகளையும் வாயில் வைத்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

"சாப்பிட்டதும் கை கழுவுது மேடம்," என்றார் சிவனாண்டி.

"ஆமா சார். எல்லாம் அப்படித்தான் செய்யும்."

"இது கொஞ்சம் கூடுதலாச் செய்யுது."

மெஹருன்னிசா சிரித்தார். அவர் அதை மறுக்கவும் இல்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

ஒரு நாள் காலையில் கிண்ணத்தில் அதைக் காணவில்லை. சிவனாண்டி, மூடி திறந்திருந்ததோ, மேசையில் இருந்து விழுந்துவிட்டதோ என்று தரையெல்லாம் தேடினார். பிறகு லென்சை எடுத்துக் கிண்ணத்தின் ஓரத்தைப் பார்த்தார். பட்டைத் துகள்களையும் மணலையும் பட்டு நூலால் ஒட்டிக் கட்டிய ஒரு குடிசை. மிளகளவு. வாசலே இல்லை. உள்ளே போய் அடைத்துக்கொண்டிருந்தது.

"மேடம், கூடு கட்டிருச்சு."

மெஹருன்னிசா வந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"ஆமா சார். உள்ள போயிருச்சு."

"குட்டி போடப் போகுது. தாய்தானே கூடு கட்டும். உள்ள அடைச்சுக்கிட்டு வயித்துலயே வச்சு வளக்கும். படிச்சிருக்கேன்."

"கூடு வேற காரியத்துக்கும் கட்டும் சார்."

மெல்லத்தான் சொன்னார். சிவனாண்டி காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் ஏறியிருக்காது. போலித்தேள் எதற்கெல்லாம் கூடு கட்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். ஆசை வந்த மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் சமயத்தில் ஞாபகம் வருமா என்ன.

அன்றைக்கே பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டார்.

"பிள்ளை பெறப் போகுது."

"யாரு?"

"அதான், நம்ம அங்கை பேருள்ளது."

"அடியாத்தி. தனியாவா இருக்கு? யாரு பாத்துக்கிறா?"

"நாந்தான்."

"நல்லாப் பாத்துக்கிருவீக. நான் பிள்ளையப் பெத்துட்டுக் கெடந்தப்ப எட்டிப் பாக்கக் கூட நேரமில்ல உங்களுக்கு."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அது உண்மைதான் என்பதால் சிவனாண்டி பேச்சை மாற்றினார்.

"குட்டி வந்ததும் நீயும் வந்து பாரு."

"வராம இருப்பேனா."

கூடு அப்படியே இருந்தது. சிவனாண்டி ஈரம் பார்த்தார், வெயில் படாமல் நகர்த்தி வைத்தார், பக்கத்தில் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் முறைத்தார். உள்ளே செத்துக் கித்துப் போயிருக்குமோ என்று ஒரு நாள் பயம் வந்துவிட்டது. ஊசியால் லேசாகக் கிழித்துப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"அது எப்ப வரணுமோ அப்ப வரட்டும் சார்," என்றார் மெஹருன்னிசா. "நாம காத்துக்கிட்டிருப்போம்."

கடைசியில் பஞ்சவர்ணத்துக்குத்தான் பொறுமை போயிற்று. நீங்கள் சொல்கிறபோது சொல்லுங்கள், நான் சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்து சிவனாண்டி மூடியைத் திறந்தபோது கூட்டின் ஒரு பக்கம் பிரிந்திருந்தது. வெளியே அது நின்றுகொண்டிருந்தது. முன்னைவிடப் பெரியதாக, கைகள் தடித்து, உடம்பு மினுமினுவென்று.

குட்டிகளைத் தேடினார். வயிற்றுப் பக்கம் பார்த்தார். கூட்டுக்குள் பார்த்தார். குட்டி எதுவும் இல்லை. கூட்டுக்குள் இன்னொன்று கிடந்தது. அதே உருவம், அதே கைகள், உள்ளே ஒன்றுமில்லாமல், கண்ணாடி மாதிரி.

உரித்துப் போட்ட சட்டை.

வளர்ந்த போலித்தேள் சட்டை உரிக்காது. உரித்தது என்றால் அதுவரைக்கும் அது வளரவில்லை என்று அர்த்தம். எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை. அவரே குறிப்பெழுதிப் படித்த பாடம்தான்.

தூரிகையால் சட்டையை எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் பிடித்தார். கையில் முடி பத்து. கிண்ணத்தையும் அதற்கடியில் வைத்து, விளக்கைச் சாய்த்து, நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தார். நேரம் பிடித்தது. அது நகர நகர இவரும் கிண்ணத்தை நகர்த்தினார்.

பன்னிரண்டு.

பன்னிரண்டும் அவருக்குத் தெரிந்த இடங்களிலேயே இருந்தன. வந்த முதல் மாதம் கற்றுக்கொண்ட இடங்கள். அது காப்பிக்காரன். மலை முழுக்க, மரத்துக்கு மரம் ஓடுகிற காப்பிக்காரனின் பிள்ளையைப் பிடித்து, புதுசு என்று மழைக்காலம் முழுக்க வரைந்திருக்கிறார்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சவர்ணம் இந்நேரம் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள். அவளைக் கூட்டிவர மெஹருன்னிசா நிறுத்தத்துக்குப் போயிருந்தார். ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. தூரிகை நுனியில் அந்தச் சட்டை இருந்தது. அதற்கு எடையே இல்லை. சும்மா ஒரு மூச்சு விட்டால் போதும், எங்கே போனதென்று அவராலேயே கண்டுபிடிக்க முடியாது. எழுதியது எழுதியபடி இருக்கும். குட்டி பிறக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். எள்ளளவு உயிரின் கையில் உள்ள முடியை யார் வந்து திரும்ப எண்ணப் போகிறார்கள். எண்ணினாலும் அது எத்தனை காலம் கழித்தோ. அதுவரைக்கும் அங்கை இருப்பாள்.

அவருக்கு அழுகை வந்தது. மூச்சு படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பிறகு சட்டையைக் கிண்ணத்தில், அதற்குப் பக்கத்திலேயே வைத்தார். ஜன்னல் திறந்து கிடந்தது. எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்து, கிண்ணத்தை மூடினார்.

வாசலில் பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது. கையில் தூக்குச்சட்டியோடு வந்தாள். பின்னால் மெஹருன்னிசா அவள் பையைச் சுமந்துகொண்டு வந்தார்.

"எங்க என் பேத்திக? எத்தனை குட்டி?"

"குட்டி இல்ல பஞ்சவர்ணம்."

"செத்துப் போச்சா?"

"சாகல. நல்லாத்தான் இருக்கு. உக்காரு."

அவள் உட்காரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். சிவனாண்டி வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். இது கூட்டுக்குள் போனது குட்டி போட அல்ல, வளர்வதற்கு. நான் முதலில் பார்த்ததும் வளராத பிள்ளை. வளர்ந்த பிறகு பார்த்தால் இந்த மலையில் எங்கும் இருக்கிற சாதாரண வகைதான் இது.

"அப்பப் பேரு?"

"இதுக்கு எப்பவோ யாரோ பேரு வச்சுட்டாங்க. வேற பேரு."

பஞ்சவர்ணம் தூக்குச்சட்டியை மேசையில் வைத்தாள்.

"தெரு பூராம் சொல்லிட்டேனே."

"தப்பு என்னோடதுதான்."

"தெருவை விடுங்க. யாரு கேட்டா என்ன. நமக்கப்புறம் அவ பேரைச் சொல்றதுக்கு ஒண்ணு இருக்குதுன்னு நெனச்சேன். நிம்மதியா இருந்தேன் இத்தன நாளும்."

மெஹருன்னிசா ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். அவள் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதையாவது காட்டுங்க. இம்புட்டுத் தூரம் வந்துட்டேன்."

லென்சில் எந்தக் கண்ணை மூடுவது, எந்தக் கண்ணால் பார்ப்பது என்று அவளுக்குப் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. பிடிபட்டதும் அசையாமல் பார்த்தாள்.

"அந்தா நிக்குது. கையெல்லாம் இருக்கே."

"ம்."

"பக்கத்துல கெடக்குறது என்னது?"

"அது கழட்டிப் போட்ட சட்டை. கூட்டுக்குள்ள போறவரைக்கும் அது அம்புட்டுத்தான் இருந்துச்சு."

"சின்னப் பிள்ளையா உள்ள போச்சு. பெரியவளாகி வெளிய வந்திருக்கு."

"ஆமா."

பஞ்சவர்ணம் நிமிர்ந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்தாள். கருப்பட்டி வாசனை வந்தது. உளுந்தங்களி.

"பிள்ளை பெத்தவளுக்குன்னு நெனச்சுக் கிண்டுனேன். அது திங்காதுன்னு எனக்கும் தெரியும். நீங்களாவது சாப்பிடுவீகன்னுதான்." தட்டில் களியை வைத்து, நடுவில் குழித்து, நல்லெண்ணெய் ஊற்றினாள். "பெரியவளானாலும் இதான் குடுக்குறது. இடுப்புக்குப் பலம்."

முதல் தட்டை மெஹருன்னிசாவிடம் கொடுத்தாள். கொடுத்த கை அப்படியே நின்றது.

"என் பிள்ளைக்கு ஒரு நா கிண்டிக் குடுக்க எனக்குக் குடுத்து வைக்கல."

சிவனாண்டிக்குத் துக்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. கண்ணாடித் தட்டைக் காட்டிய அன்று மெஹருன்னிசா நுண்ணோக்கியில் கண் வைத்ததும், தட்டை நகர்த்துவதை நிறுத்தியதும், வளர்ந்ததா இல்லையா என்று காட்டிக்கொடுக்கும் அடிவயிற்றைப் பற்றிக் கேட்டதும் வரிசையாக ஞாபகம் வந்தன. அத்தனை வருடம் இதையே பார்க்கிற கண் அது. பிள்ளை எது, பெரியது எது என்று அதற்கா தெரியாது.

"ஏம்மா மெஹரு."

வந்த நாளில் இருந்து அவர் மேடத்தை விட்டது அப்போதுதான். அவருக்கே அது தெரியவில்லை.

"சொல்லுங்க சார்."

"மொத நாளே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"பத்துன்னதுமே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுது சார்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே தட்டைத் தூக்கி ஓரமா வச்சிருப்பேன். இம்புட்டு நாளு ஆசையா வளக்க விட்டு, இவளையும் மலையேத்தி வரவச்சு. எதுக்கும்மா?"

மெஹருன்னிசா தட்டில் இருந்த களியைக் கொஞ்சம் எடுத்து, எண்ணெயில் தொட்டு வாயில் போட்டார். அதை விழுங்கிய பிறகுதான் பேசினார்.

"அன்னைக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன் சார். அதுக்குள்ள நீங்க அவ பேரைச் சொல்லிட்டீங்க. பெரியவளாகிச் சடங்கு வச்சா மணையில பக்கத்துல தோழியா நாந்தான் உக்காரணும்னு அங்கை எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தா. அவ பேரு வச்ச இதாவது பெரியவளாகி வெளிய வரட்டும்னுதான் வளக்கச் சொன்னேன். நானும் இத்தனை வருஷமாக் காத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."